தாமரை தெரிந்தால் கேஸ் இருக்கிறது

எங்கள் தோட்டத்தில் சாண கேஸ் போடுவது என்று முடிவான பிறகு, ஆள் பார்ப்பதற்கே ஒரு கோடை முழுக்கப் போயிற்று. கட்டுத்தரையில் எருமையும் மாடுமாக நிறைந்து நின்றன; சாணிக்குக் குறைவில்லை. குழி தோண்ட இடமும் இருந்தது. அந்தக் குழியின் மேல் கவிழ்த்து மிதக்கவிட வேண்டிய இரும்பு டிரம்மை யார் செய்வது, யாரை நம்பி அடுப்படி வரை குழாய் இழுப்பது என்பதில்தான் எல்லாம் நின்றது. அதில்தான் எல்லாம் கெட்டது என்றும் சொல்வேன்.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் பிறந்திருந்த நேரம். திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவில் எங்கள் தோட்டம். அண்ணன் விவசாயம் பார்த்தார். நான் நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே ஒரு அறையில் கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு வருவேன். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். நேரில் கூப்பிட்டால் நங்கையா. அவர் என்னைக் கொழுந்தனாரே என்பார். வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே உள்ளேயிருந்து கேலி தொடங்கிவிடும்.

"நாமக்கல் ஓட்டல்காரன் சோத்துல சுண்ணாம்பு கலந்து போடறானாட்ட இருக்குதுங். இப்பிடி வெளுத்துப் போயிட்டீங்களே கொழுந்தனாரே!"

நான் சும்மா விடுவேனா? உங்கள் குழம்பைத் தின்று கறுத்துப் போவதைவிட அது பரவாயில்லை என்பேன். அவர் சிரிப்பார். சிரிப்பு பாதியில் இருமலாக மாறும். இருமல் மூச்சிரைப்பாக மாறும். சேலை முந்தியை வாயில் வைத்துக்கொண்டு நிலைக்கதவைப் பிடித்தபடி நிற்பார். கேலி பேசியவன் நான் என்பதால் அந்த நேரத்தில் எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது.

எங்கள் அடுப்படிக்கு ஜன்னல் என்று பெயருக்கு ஒரு ஓட்டை இருந்தது. எரிப்பது பருத்திமார் என்கிற காய்ந்த பருத்திக் குச்சியும் முள் விறகும். மழைக்காலத்தில் அது எரியாது, புகையும். பண்ணையத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் சேர்த்துச் சமைத்தாக வேண்டும். நங்கை கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் புகைக்குள்தான் இருந்தார். சேலத்தில் காட்டியபோது டாக்டர் அண்ணனையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டார். "மாத்திரை நான் தருகிறேன். ஆனால் இந்தப் புகையிலேயே இருந்தால் என் மாத்திரை ஒன்றும் செய்யாது. அடுப்பை மாற்றுங்கள். இல்லையென்றால் இந்த அம்மா ரொம்ப நாள் தாங்கமாட்டார்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நங்கை சங்ககிரி மலையைப் பார்த்துவிட்டு, "கோட்டைக்கு ஒருக்கா ஏறோணும்னு எத்தனை நாளாச் சொல்றேன்" என்றார். மூச்சு வாங்காமல் வீட்டுப் படி ஏற முடியாதவர் மலையைப் பற்றிப் பேசினார்.

சிலிண்டர் கேஸ் என்பது அப்போது டவுன்காரர்களுக்கே பதிந்துவிட்டு வருசக்கணக்கில் காத்திருந்தால்தான் கிடைக்கும். தோட்டத்துக்கு அது எங்கே வரப் போகிறது! சாண கேஸ் ஒன்றுதான் வழி என்று வானொலியில் விவசாய நிகழ்ச்சி கேட்டுக் கேட்டு நான்தான் அண்ணனை அரித்தெடுத்தேன். அவரும் சரி என்றார். அதன் பிறகு ஆள் தேடும் படலம்.

முதலில் ஒருவர் சேலத்திலிருந்து பெரிய காகிதச் சுருளோடு வந்தார். வரைபடமெல்லாம் விரித்துக் காட்டினார். கட்டுத்தரைக்கு வந்து இடத்தைப் பாருங்கள் என்றால், பூட்ஸில் சாணி ஒட்டிவிடும் என்று வரப்பிலேயே நின்றுகொண்டார். சாணியை மிதிக்கப் பயப்படுகிறவன் சாணியில் என்ன கேஸ் எடுப்பான் என்று அண்ணன் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

அடுத்து ஆத்தூர்ப் பக்கத்து ஆள். அவர் ஓமலூரில் ஒரு தோட்டத்தில் கட்டி முடித்த தொட்டியை நானும் அண்ணனும் போய்ப் பார்த்தோம். அந்த வீட்டு அம்மா எங்களை நேராக அடுப்படிக்குக் கூட்டிப் போய்க் குழாயைத் திருகிப் பற்ற வைத்தார். நீலமாக எரிந்தது. சுவரில் ஒரு பொட்டுக் கரியில்லை. நான் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆத்தூர்க்காரர் டிரம் மேல் ஏறி, வெல்டிங் ஓடிய இடமெல்லாம் சோப்புத் தண்ணீரைத் தடவிக் காட்டினார்.

"முட்டை முட்டையா நுரை கிளம்புனா ஓட்டைன்னு அர்த்தம். பாத்துக்கோங்க, ஒண்ணும் இல்ல" என்றார்.

எனக்குப் பிடித்துவிட்டது. அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. அந்த ஆளுக்கு உட்காரச் சொன்னால் உட்காரத் தெரியவில்லை, எங்கள் பக்கத்து மரியாதைப்படி பேச்சுக்குப் பேச்சு ஒரு 'ங்க' போடத் தெரியவில்லை என்பது முதல் குறை. அதைவிடப் பெரிய குறை, அவர் கிளம்பும்போது சொன்னது. "எம்மாம் நல்லா செஞ்சாலும் இரும்பு இரும்புதான். காலாகாலத்துல பெயின்ட் அடிக்கணும். விட்டீங்கன்னா துருப் புடிச்சி ஓட்டை விழும். அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

வரும் வழியெல்லாம் அண்ணன் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். "இன்னும் குழியே வெட்டலே. அதுக்குள்ள ஓட்டை உழும்கறான் பாரு. நல்ல வார்த்தை வராத வாயி." எங்கள் ஆட்கள் அப்படித்தான். குறையை முன்கூட்டிச் சொல்கிறவன் குறையைக் கொண்டு வருகிறவன் ஆகிவிடுவான். நான் பஸ்ஸிலேயே சண்டை போட்டேன். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் ஒரு கன்றுக்குட்டி வாங்குவீர்களா, வேலையைப் பாருங்கள் என்றேன். என் குரல் பெரிதாக இருந்ததால் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நங்கை எனக்குச் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கமான கேலி இல்லை.

"கொழுந்தனாரே, என்ற தம்பி சங்ககிரில லாரி பாடி கட்டற பட்டறைல வெல்டிங் பண்றானுங்களே. லாரியே கட்டறவனுக்கு இந்த டிரம் ஒரு வேலைங்களா?"

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அந்த வீட்டில் அவர் தம்பியைப் பற்றி யாரும் பேசிப் பல வருசம் ஆகியிருந்தது. நங்கையின் மகளுக்குக் காது குத்தியபோது நடந்தது அது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தம்பி சீர்த்தட்டோடு வருகிற வழியில் லாரி நின்றுபோய்விட்டது. நல்ல நேரம் முடியப் போகிறது என்று அண்ணன் அவசரப்பட்டு, நங்கையின் பெரியப்பா மகனை உட்கார வைத்து முடித்துவிட்டார். தம்பி வந்து சேர்ந்தபோது குழந்தை காதில் கம்மலோடு அழுதுகொண்டிருந்தது. அவர் தட்டை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அண்ணன் பின்னாலேயே போய்க் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அதன் பிறகு பொங்கலுக்கும் வரவில்லை, தீபாவளிக்கும் வரவில்லை. நங்கைக்கு அப்பன் ஆத்தா இல்லை. பிறந்த வீடென்று இருந்தது அந்தத் தம்பி ஒருவர்தான்.

"நான் செத்தா கோடி போட யாருங்க வருவா?" என்று சில நாள் நங்கை சிரித்துக்கொண்டே கேட்பார். செத்துப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச் சேலை வர வேண்டும். அதைப் போர்த்திய பிறகுதான் தூக்குவார்கள். அது வராவிட்டால் அந்தப் பெண்ணுக்கு உலகத்தில் ஆளில்லை என்று பொருள். "கோடி நானே எடுத்துத் தாரேன், நீங்க முதல்ல சாகுங்க" என்று நானும் கேலியாகச் சொல்வேன். அது கேலி இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

நான் அவர் தம்பி வேண்டாம் என்றுதான் சொன்னேன். லாரி பாடி வேறு, கேஸ் நிற்கிற டிரம் வேறு. ஆனால் அண்ணன் காதுக்குப் போனதும் ஆச்சரியமாக அவர் மறுக்கவில்லை.  "ஆத்தா சொல்லட்டும். பூக் கேட்டுப் பாக்கலாம்" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. வெல்டிங் தெரியுமா தெரியாதா என்று அம்மனை எதற்குக் கேட்க வேண்டும்? பிற்பாடுதான் யோசித்துப் புரிந்துகொண்டேன்: மச்சினனைத் தானாகக் கூப்பிட அண்ணனுக்கு வாய் வரவில்லை. அம்மன் கூப்பிட்டால் தலைகுனிவில்லை.

எங்கள் குலதெய்வக் கோயில் ஆற்றுக்குப் போகிற பாதையில் இருக்கிறது. வெள்ளைப் பூ வந்தால் ஆத்தூர்க்காரர், சிவப்பு அரளி வந்தால் நங்கையின் தம்பி. விரதம் இருந்த பெண்தான் பூவை இலையில் மடிக்க வேண்டும் என்பதால் நங்கை அங்கேயே உட்கார்ந்து இரண்டு பொட்டலமும் ஒரே மாதிரி மடித்தார். பூசாரி அதை அம்மன் காலடியில் போட்டுக் கலைத்தார். நங்கையின் மகள், சின்னப் பெண், கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தால் சிவப்பு அரளி.

நங்கை கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதார். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதை அவரே எடுத்துப் போய் வாய்க்காலில் விட்டுவிட்டு வந்தார். அண்ணன் மறுநாளே சங்ககிரிக்கு ஆள் அனுப்பினார்.

டிரம் லாரியில் வந்தது. தோட்டத்துக்குத் திரும்புகிற இடத்திலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார் தம்பி. நங்கை ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடினார். ஆமாம், ஓடினார், பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் ஓடினார். தம்பி இறங்கி அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு அழ ஆரம்பித்தார். அண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டே போய், "வாங்க மாப்ளே" என்றார். அவ்வளவுதான். காதுகுத்துக் கோபம் அதோடு முடிந்துபோனது.

டிரம்மைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. புது லாரி மாதிரி பளபளவென்று பச்சைப் பெயின்ட். மேல் விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் சிவப்புத் தாமரைகள். போதாக்குறைக்குப் பட்டறைப் பெயின்டர் பழக்க தோஷத்தில் தாமரைக்குக் கீழே 'ஒலி எழுப்பவும்' என்றும் எழுதிவிட்டிருந்தார். நங்கை அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இருமல் வரும் வரை சிரித்தார். எனக்கு ஒன்று உறுத்திற்று. வெல்டிங் ஓடிய தடமே எங்கும் தெரியவில்லை. லாரி பாடிக்குச் செய்கிற மாதிரி மேலே பட்டி என்கிற பூச்சு மாவை வைத்து வழித்துத் தேய்த்துப் பெயின்ட் அடித்திருந்தார். சட்டையின் கிழிசலை இஸ்திரி போட்டு மறைத்த மாதிரி. சோப்புத் தண்ணீர் கொண்டுவா என்று வேலையாளிடம் சொன்னேன்.

நங்கை என் பக்கத்தில் வந்து மெல்லிய குரலில், "எத்தனையோ வருசம் கழிச்சு வந்திருக்கறானுங்க. வந்தன்னைக்கே சோதிச்சுப் பாக்கோணுங்களா?" என்றார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு யாரால் சோப்பு போட முடியும்?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எரிந்தது. குழியில் சாணியைக் கரைத்து ஊற்றிச் சில வாரம் கழிந்ததும் உள்ளே கேஸ் சேரச் சேர டிரம் மெல்ல மேலே எழுந்தது. தாமரைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாணித் தண்ணீரிலிருந்து வெளியே வந்தன. அடுப்படிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். தாமரை தெரிந்தால் கேஸ் இருக்கிறது என்று நங்கை கணக்கு வைத்துக்கொண்டார். நான் ஞாயிறு காலையில் வந்து சேரும்போது, "தாமரை மூணு வெரக்கடை மேல நிக்குதுங் கொழுந்தனாரே, உங்களுக்கு எண்ணெய்ப் பலகாரமே சுடலாம்" என்பார். தம்பி அடிக்கடி வந்தார். அடுப்படியிலேயே பலகை போட்டு உட்கார்ந்து அக்காள் சுடச் சுடப் பணியாரம் தின்றார். அந்த ஒரு வருசம் நங்கை சிரித்தால் கடைசி வரை சிரித்தார். அதை நான் மறக்கவில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை எடை போடும்போது அந்த வருசத்தையும் எதிர்த்தட்டில் வைத்துத்தான் போடுகிறேன்.

அடுத்த மழைக்காலம் முடிந்து நங்கைக்கு இருமல் திரும்பி வந்தது. கேட்டால், கம்பு தூற்றினேன், தூசி ஏறிவிட்டது என்றார். இன்னொரு முறை கேட்டால், மாட்டுக்குத் தவிடு கலக்கினேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை நான் வரும்போதெல்லாம் அடுப்பு நீலமாக எரிந்துகொண்டிருந்தது. மத்தியானம் அண்ணன் கழனியிலிருந்து வந்து சாப்பாட்டு வட்டலின் முன்னால் உட்காரும்போதும் எரிந்தது. சுவர் வெள்ளையாகவே இருந்தது. சேலத்து டாக்டரிடம், அடுப்பை மாற்றி ரொம்ப நாளாகிறது, பிறகும் ஏன் இப்படி என்று அண்ணன் கேட்டார். டாக்டருக்கும் புரியவில்லை. மாத்திரையை மாற்றித் தந்தார்.

ஒரு தை மாதத்தில் மூச்சு முட்டி, உதடு நீலம் பாரித்து, நங்கையைச் சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் காலையில் கஞ்சி வைத்து எடுத்துப் போகலாம் என்று நானும் அண்ணனும் தோட்டத்துக்கு வந்தோம். நான் அடுப்புக் குழாயைத் திருகித் தீக்குச்சி கிழித்தேன். ஒன்றும் இல்லை. இன்னொரு குச்சி. இல்லை. வெளியே வந்து தொட்டியைப் பார்த்தேன். டிரம் முழுக்க இறங்கிக் கிடந்தது. 'ஒலி எழுப்பவும்' சாணித் தண்ணீருக்குள் போயிருந்தது. தாமரைகளும் போயிருந்தன. நங்கை எப்போதும் மேலே காயப் போட்டு வைத்திருந்த சாக்குகளை விலக்கினேன்; மேல் தகட்டில் பட்டி உதிர்ந்து, அதன் கீழே துரு தின்ற ஓட்டைகள். அவற்றின் மேல் யாரோ ரோட்டுத் தாரைக் காய்ச்சி அப்பியிருந்தார்கள். தார் மேல் துணி. துணி மேல் மறுபடி தார். அதில் விரல் தடம் பதிந்திருந்தது. மெலிந்த பெண் விரல்கள்.

அண்ணன் கட்டுத்தரைக்குப் பின்பக்கம் போனவர் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். வைக்கோல்போருக்கும் சுவருக்கும் நடுவில் அடுப்பாகக் கூட்டிய மூன்று கல். கல்லுக்குப் பின்னால் சுவர் தலைக்கு மேல் வரை கரி. பக்கத்தில் பருத்திமார் அடுக்கு, அதை மூட ஒரு பழைய சாக்கு. முன்பு அடுப்படியிலாவது ஜன்னல் ஒன்று இருந்தது. இங்கே புகை போக வழியே இல்லை. போரைத் தாண்டி மேலே புகை தெரிந்துவிடக் கூடாது என்று மேலே ஓலை வேறு கட்டியிருந்தார். சமையலையெல்லாம் இங்கே முடித்துவிட்டு, சேர்கிற கொஞ்சம் கேஸை அண்ணன் வரும் நேரத்துக்கும் என் ஞாயிற்றுக்கிழமைக்கும் சேமித்து வைத்திருந்தார் என்பது நின்ற இடத்திலேயே புரிந்துவிட்டது. அண்ணன் அந்தக் கற்களின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "இப்பவே சங்ககிரிக்குப் போறேன். அந்த ஆளை இங்க இழுத்துட்டு வந்து இதைக் காட்டறேன்" என்று கத்தினேன். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மூன்று கல்லிலேயே பருத்திமாரை வைத்துப் பற்ற வைத்தார். கஞ்சி வைத்தார். புகையில் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "நீ கொண்டுபோய்க் குடு. நான் பாலைக் கறந்துபோட்டு வாரேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் கஞ்சியை வாயில் வைத்ததுமே நங்கை என்னைப் பார்த்தார். புகை வாசம் அவருக்குத் தெரியாதா?

"பாத்துட்டீங்களாக்கும்" என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் குரலை உயர்த்தித்தான் கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு டிரம் போட்டிருக்க மாட்டோமா, ஆத்தூர்க்காரரைக் கூப்பிட்டிருக்க மாட்டோமா?

"வேற டிரம் போட்டா இது ஓட்டைன்னு அவனுக்குத் தெரிஞ்சுருமுங்களே. தெரிஞ்சா மறுக்கா நம்ம ஊட்டு வாசப்படி ஏறுவானுங்களா? மானஸ்தன். ஒருக்காத் தட்டை வெச்சுட்டுப் போனவன்." மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு, திருட்டு மாங்காய் தின்ற பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார். "இன்னொண்ணு சொல்றேன், வையாதீங்க. அன்னைக்குக் கோயில்ல ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பு அரளிதானுங்க வெச்சேன்."

 ஓடுகிற தண்ணீரில் அவர் அவசரமாக விட்ட பொட்டலம் ஞாபகம் வந்தது.

"ஆத்தா கோவிச்சுக்கலீங்க. எனக்கு ஒரு வருசம் மூச்சு குடுத்தா, தம்பியவும் குடுத்தா. போச்சாது போங்க" என்றார். பரவாயில்லை, போகட்டும் என்று கையை ஆட்டினார். அந்தக் கையில் ஊசி குத்திய இடமெல்லாம் கன்றிப்போயிருந்தது. "அவன்கிட்டச் சொல்லீராதீங்க கொழுந்தனாரே. என்ற பொறந்த ஊடு அவன் ஒருத்தன்தான்."

சொல்லமாட்டேன் என்றேன். கோபத்தோடுதான் சொன்னேன். அன்று பூராவும் கோபம் தீரவில்லை. தம்பி மேலா, அண்ணன் மேலா, அந்த அரளிப்பூ மேலா, இந்தச் சிரிப்பு மேலா என்று எனக்கே தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் நங்கை போய்விட்டார். விடிந்து கொஞ்ச நேரத்தில் உயிர் பிரிந்தது. வெயில் ஏறுமுன் தோட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். தம்பி பட்டறை வேலையாக எங்கோ வெளியூர் போயிருந்ததால் அவருக்குச் சொல்லியனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். வாசலில் உறவுக்காரர்கள் சேர ஆரம்பித்தார்கள். அண்ணனைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், கேஸ் தொட்டிக்குள் இடுப்பளவு சாணித் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கையில் கடப்பாரை.

பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். "என்ன பண்றீங்க?" என்றேன்.

"அந்தக் கல்லை எடுத்து வந்து, நான் நெம்பறப்ப உள்ள குடு" என்றார்.

எந்தக் கல் என்று நான் கேட்கவில்லை. வைக்கோல்போருக்குப் பின்னாலிருந்து அந்த மூன்று கற்களையும் கொண்டுவந்தேன். தொட்டிக்குள் டிரம் இறங்கி உட்காருவதற்கு ஒரு திட்டு உண்டு. அவர் டிரம்மின் விளிம்பைக் கடப்பாரையால் நெம்பிப் பிடிக்க, நான் ஒவ்வொரு பக்கமாகத் திட்டின் மேல் கல்லைச் செருகினேன். ஒரு முறை வழுக்கி அவர் கைமேலேயே டிரம் இறங்கியது. கையை உருவிக்கொண்டு மறுபடியும் நெம்பினார். நான் நங்கையிடம் கொடுத்த வாக்கு அவருக்குத் தெரியாது. பூ விசயமும் தெரியாது. ஆனாலும் டிரம் ஒரு சாண் மேலே வந்து தாமரைகள் தெரிந்தபோது, வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, ஒவ்வொரு தாமரையாகச் சாணி போகக் கழுவினார். தார் அப்பிய மேல் தகட்டின் மீது, காயப் போட்ட மாதிரி நாலு சாக்கை விரித்தார். பிறகு கிணற்றடியில் குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு போய் வாசலில் உட்கார்ந்தார்.

தம்பி மத்தியானத்துக்கு மேல் வந்தார். கையில் ராசிபுரத்துப் பட்டு. அக்காளுக்கு அதைப் போர்த்திவிட்டு அவர் அழுத அழுகையில் வாசலில் இருந்த அத்தனை பேரும் அழுதார்கள். நானும் அழுதேன். கோடி வந்துவிட்டதுங்க நங்கையா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து திரும்பி வந்து, கட்டுத்தரை ஓரம் கால் கழுவும்போது தம்பி தொட்டியைப் பார்த்தார். வெயில் சாய்ந்து தாமரைகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது.  அவர் கிட்டே போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டு, "மச்சான், கடைசி வரைக்கும் நல்லா எரிஞ்சுதுங்களா? அக்காளுக்குப் புகையில்லாம இருந்துதுங்களா?" என்று கேட்டார்.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அவர் கையைத்தான் பார்த்தேன். நசுங்கிய விரலின் நகம் கறுத்திருந்தது. மற்ற நகங்களின் ஓரத்தில் எவ்வளவு தேய்த்தும் போகாத சாணி இருந்தது.

"எரிஞ்சுது மாப்ளே. ஒரு நாளும் நிக்கலே" என்றார்.